கரியமில வாயுவை நிலத்திடம் ஒப்படைத்தல்

வேதியியல் பயிலும் மாணவர் அனைவரும் 'அல்கலி' என்னும் சொல்லை அறிவர். அஃது அரபு மொழியின் 'அல்கிலீ' என்பதன் திரிபாகும். உவர் நிலத்தில் வளரும் உமரி போன்ற செடிகளை எரித்தபின் எஞ்சும் சாம்பலை அரபியர் அப்பெயரால் வழங்கினர். எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிச் சவர்க்காரம் ஆக்கவும், மணலோடு சேர்த்து உருக்கிக் கண்ணாடி வார்க்கவும் அச்சாம்பல் பயன்பட்டது. ஜாபிர் இப்னு ஹய்யான், ராஸீ ஆகியோர் பெயரால் வழங்கும் இரசவாத நூல்களில் இப்பொருள் பேசப்படுகிறது. தமிழில் இதனைக் காரம் என்கிறோம். அமிலத்தன்மை கொண்ட வாயுவைக் காரம் தன்பால் இழுத்துப் பற்றிக்கொள்ளும் என்பது ஓர் எளிய உண்மை. அவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு எழுந்ததே இன்று உலக நாடுகள் பெரிதும் பேசிவரும் 'கரிமப் பிடிப்பும் சேமிப்பும்' என்னும் தொழில்நுட்பம்.

அனல்மின் நிலையங்கள், சிமெண்ட் ஆலைகள், எரிவாயு வயல்கள் முதலியவற்றிலிருந்து வெளிப்படும் கரியமில வாயுவை அது வானில் கலக்கும் முன்னரே பிடித்து, அழுத்தி, குழாய் வழியாகவோ கப்பல் வழியாகவோ கொண்டுசென்று, ஆழ்நிலப் பாறையினுள் செலுத்தி, நெடுங்காலம் அங்கேயே தங்கச் செய்வதே இத்தொழில்நுட்பத்தின் சுருக்கம். புவி வெப்பமாதலிலிருந்து உலகைக் காக்க வந்த மீட்பன் என்று இதனைப் போற்றுவோர் உளர். எண்ணெய் நிறுவனங்கள் காலங்கடத்தக் கண்டுபிடித்த சாக்கு என்று தள்ளுவோரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் இதுவரை செயற்பட்ட திட்டங்களின் வரலாற்றைக் கொண்டு சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைத்த காற்று

கரியமில வாயுவின் அறிவியல் வரலாறே கல்லிலிருந்துதான் தொடங்குகிறது எனலாம். ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1756-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சுண்ணாம்புக்கல் போன்ற பொருள்களைச் சூடேற்றினால் அவற்றுள் அடங்கியிருந்த ஒருவகைக் காற்று வெளிப்படுவதை எடுத்துக்காட்டினார். கல்லினுள் நிலைபெற்றுக் கிடந்தமையால் அதற்கு 'நிலைத்த காற்று' எனப் பெயரிட்டார். நாம் இன்று கரியமில வாயு என்று குறிப்பது அதனையே. அதனைச் சுண்ணாம்பு நீருள் செலுத்தினால் நீர் வெண்மையாகக் கலங்கி, வாயு மீண்டும் கல்லின் வடிவை எய்தும். கல்லினின்று வெளிவந்த காற்றை மறுபடியும் கல்லாக்க இயலும் என்பதை இச்சிறு சோதனை உணர்த்துகிறது. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இவ்வாயு வெப்பத்தைத் தக்கவைக்கும் இயல்புடையது என்பதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் 1856-இலும், அயர்லாந்தில் பிறந்த ஜான் டிண்டால் 1859-இலும் தனித்தனியே செய்த சோதனைகள் காட்டின. வளிமண்டலத்தில் இதன் அளவு கூடினால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்பதை 1896-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ஹீனியஸ் கணித்தார். தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958-இல் அளவீடு தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. 2024-ஆம் ஆண்டின் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. புதைபடிவ எரிபொருள்களால் மட்டும் ஆண்டுதோறும் 3,700 கோடி டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வானில் சேர்கிறது.

வாயுவைப் பிடிக்கும் கலை வேறொரு தேவையை ஒட்டி வளர்ந்தது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவோடு கரியமில வாயுவும் கலந்து வருவதுண்டு. அதனை நீக்காவிடில் எரிவாயு விலைபோகாது. அதற்கென 'அமைன்' என்னும் மென்காரக் கரைசலைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் ராபர்ட் பாட்டம்ஸ் 1930-இல் காப்புரிமை பெற்றார். அமைன் என்ற பெயர் அம்மோனியாவிலிருந்து பிறந்தது. அம்மோனியா என்ற பெயரோ, அரபியர் 'நூஷாதிர்' என்றும் நாம் நவச்சாரம் என்றும் வழங்கும் உப்பின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. பழைய இரசவாதிகளின் பண்டசாலைப் பொருள்கள் இன்றைய ஆலைகளிலும் தொடர்ந்து பணிபுரிகின்றன என்பது சுவையான செய்தி.

பிடித்த வாயுவைப் புவி வெப்பத்தைத் தடுக்கும் பொருட்டு ஒளித்துவைக்கலாம் என்ற எண்ணம் பிற்காலத்தது. இத்தாலிய அறிஞர் செசாரே மார்க்கெட்டி 1977-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஜபல் தாரிக் என நம் வரலாற்று நூல்கள் குறிக்கும் ஜிப்ரால்டர் நீரிணையில், மத்தியதரைக் கடலின் அடர்ந்த உவர்நீர் அடிநீரோட்டமாக அட்லாண்டிக்கின் ஆழத்திற்குச் செல்கிறது. கரியமில வாயுவை அந்நீரோட்டத்தில் கலந்துவிட்டால் அது கடலடியில் பல நூற்றாண்டுகள் தங்கும் என்பது அவர் கருத்து. கடல்நீர் அமிலமாகி உயிரினங்கள் அழியும் என்ற அச்சத்தால் கடலில் கரைக்கும் வழி பின்னர்க் கைவிடப்பட்டது. கடலடியிலுள்ள பாறைகளுள் சேமிப்பதற்கு மட்டும் இலண்டன் நெறிமுறையின் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது.

பிடித்தலும் அதன் விலையும்

ஆலையின் புகை ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடிப்பகுதியில் நுழைந்து மேலெழும். அமைன் கரைசல் மேலிருந்து மழைபோல் இறங்கும். ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்னர் அக்கரைசலை வேறொரு கோபுரத்திற்குக் கொண்டுசென்று 120 பாகை அளவிற்குச் சூடேற்றினால் பற்றியதை விட்டுவிடும். விடுபட்ட வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்பலாம். கரைசலோ திரும்பவும் பணிக்கு வந்துவிடும்.

சொல்வதற்கு எளிதாயினும், சூடேற்றும் நீராவிக்கும் அழுத்தும் இயந்திரங்களுக்கும் ஆற்றல் வேண்டும். ஓர் அனல்மின் நிலையம் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இதற்கே இழக்க நேரிடுகிறது. பிடிக்கவேண்டிய வாயு எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவுக்குச் செலவும் மிகும். நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கும், எரிவாயு மின்நிலையப் புகையில் நான்கு பங்கும் கரியமில வாயு உண்டு. திறந்த வெளிக்காற்றிலோ பதினாயிரத்தில் நான்கு பங்கே. இந்த ஒப்பீட்டை மனத்திற் கொண்டால், எத்தகைய திட்டங்கள் முதலில் வெற்றிபெற்றன, எவை தடுமாறின என்பது எளிதில் விளங்கும்.

பாறை எங்ஙனம் காக்கிறது?

நிலத்தடிச் சேமிப்பு என்றவுடன் பெரிய குகையொன்றைப் பலர் கற்பனை செய்கின்றனர். உண்மை அதுவன்று. மணற்பாறையின் மணிகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகள் உள்ளன. மணலில் நீர் ஊறுவதுபோல வாயு அவ்விடைவெளிகளில் ஊறி நிற்கிறது. அவ்விடைவெளிகளில் ஏற்கெனவே உவர்நீர் நிறைந்திருக்கும்.

கரியமில வாயு 31 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு அழுத்தமும் எய்தும்போது வாயுவுமன்றித் திரவமுமன்றி ஓர் இடைநிலையை அடைகிறது. அந்நிலையில் அது திரவத்தைப்போல் அடர்ந்து சிறிய இடத்தில் அடங்கும். பொதுவாக 800 மீட்டருக்குக் கீழுள்ள ஆழத்தில் இவ்விரு நிபந்தனைகளும் இயற்கையாகவே நிறைவேறுகின்றன.

அங்கு அதனைக் காக்கும் பூட்டுகள் நான்கு. உவர்நீரைவிட இலேசானதாகையால் மேலெழ முயலும் வாயுவை, நீர் புகாத களிப்பாறை மேலிருந்து கூரைபோல் தடுக்கிறது. இது முதற்பூட்டு. நகர்ந்து செல்லும் வழியில் வாயுவின் ஒரு பகுதி சிறு துளிகளாக மணிகளுக்கிடையே சிக்கிக்கொள்வது இரண்டாவது. உவர்நீரில் கரைந்து, கனம் மிகுந்து, கீழ்நோக்கி அமிழ்வது மூன்றாவது. பாறையிலுள்ள கனிமங்களோடு வினைபுரிந்து தானே கல்லாகிவிடுவது நான்காவது. முதற்பூட்டு உடனே செயற்படும். நான்காவது பெரும்பாலான மணற்பாறைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். காலம் செல்லச் செல்ல இச்சேமிப்பு மேலும் உறுதிப்படும் என்பது இதன் சிறப்பு. தொடக்கக் காலமே ஆபத்தான காலம்.

காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டுக் குழு 2005-இல் வெளியிட்ட சிறப்பறிக்கை, நன்கு தேர்ந்து நன்கு நிருவகிக்கப்படும் இடங்களில் சேமித்த வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஆயிரம் ஆண்டுகள் தங்கக்கூடும் என மதிப்பிட்டது. 'நன்கு தேர்ந்து நன்கு நிருவகிக்கப்படும்' என்ற அடைமொழியில்தான் முழுப்பொருளும் அடங்கியிருக்கிறது.

நார்வேயின் அனுபவம்

வடகடலில் நார்வேக்கு உரிய ஸ்லைப்னர் எரிவாயு வயலில் கிடைத்த வாயுவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு கரியமில வாயு இருந்தது. சந்தை ஏற்பதோ இரண்டரைப் பங்கு மட்டுமே. நீக்கிய வாயுவை வானில் விட்டுவிடுவதே அந்நாளைய வழக்கம். ஆனால் நார்வே அரசு 1991-இல் கடலெண்ணெய்த் துறையின் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. ஒரு டன்னுக்கு ஐம்பது டாலர் அளவில் இருந்த அவ்வரியைச் செலுத்துவதைவிட வாயுவைப் புதைப்பது மலிவு எனக் கணக்கிட்டனர். 1996-இல் கடலடிக்குக் கீழே 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்திலுள்ள உட்சீரா மணற்பாறையுள் செலுத்தத் தொடங்கினர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவில் தொடங்கிய இத்திட்டத்தில் இதுவரை ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் சென்றடைந்துள்ளது. காலநிலையைக் கருதி நடந்த முதல் பெருந்திட்டம் இதுவே.

நிலத்தினுள் வாயு எங்குள்ளது என்பதை ஒலியலைகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் படமெடுத்தனர். 1999-இல் எடுத்த படம் ஒரு வியப்பைத் தந்தது. இடையிலுள்ள மெல்லிய களியடுக்குகள் வாயுவைத் தாமதப்படுத்தும் என எதிர்பார்த்திருக்க, மூன்றே ஆண்டுகளில் அது அவற்றையெல்லாம் கடந்து உச்சி அடுக்கை எட்டியிருந்தது. ஒன்பது அடுக்குகளாக அது பரவி நின்றது. நல்லவேளையாக, மேலிருந்த பெருங்களிப்பாறை அதனைத் தாங்கிக்கொண்டது.

அதே நாட்டின் ஸ்னோவிட் வயலில் 2008-இல் தொடங்கிய பணி வேறொரு பாடம் புகட்டியது. முதலில் தேர்ந்தெடுத்த பாறையில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைந்து ஏறியது. ஆகவே 2011-இல் வேறொரு பாறையடுக்கிற்கு மாறினர். எத்துணை ஆய்ந்தாலும் பாறையின் உள்ளியல்பைச் செலுத்தத் தொடங்கிய பின்னரே முழுமையாக அறிய முடிகிறது. இடரின்றி இவ்விரு இடங்களும் தப்பியதற்குக் காரணம் பாறை மட்டுமன்று. இடைவிடாது கண்காணித்த ஏற்பாடும், பிழை தெரிந்தவுடன் மாற்றிக்கொள்ள இருந்த வசதியும் ஆகும்.

ஐன் ஸாலிஹ் காட்டிய எச்சரிக்கை

அரபுலகில் இத்தொழில்நுட்பம் முதன்முதல் பெரிய அளவில் கால்கொண்டது அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில். 'ஐன்' என்பதற்கு ஊற்று என்று பொருள். ஸாலிஹின் ஊற்று என்னும் பெயர்கொண்ட பாலைநகரின் பெயராலேயே அத்திட்டமும் வழங்கியது. அல்ஜீரிய அரசு நிறுவனமாகிய சோனாட்ராக், பிரிட்டனின் பி.பி., நார்வேயின் ஸ்டாட்டாயில் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய கிரெஷ்பா எரிவாயு வயலில் 2004 முதல் 2011 வரை ஏறத்தாழ 38 இலட்சம் டன் கரியமில வாயு நிலத்தடியில் செலுத்தப்பட்டது.

அங்கிருந்த பாறை ஸ்லைப்னரின் பாறை போன்றதன்று. ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆழத்தில், இருபது மீட்டர் தடிப்பே உடைய இறுகிய மணற்பாறை அது. வாயு எளிதில் ஊடுருவாது. ஆகவே அழுத்தம் கூடியது. செயற்கைக்கோள் ரேடார் கொண்டு பாலைநிலத்தை அளந்தபோது, செலுத்துகிணறுகளைச் சுற்றி நிலமட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துவருவது புலப்பட்டது. கால்பதித்து நிற்பவர் உணர இயலாத அச்சிறு உயர்வு, ஆழத்தில் பாறைப்பிளவுகள் விரிகின்றனவோ என்ற ஐயத்தை எழுப்பியது. பழைய ஆய்வுக் கிணறொன்றின் தலைப்பகுதியில் 2007-இல் வாயு தென்பட்டது. கூரைப்பாறையின் உறுதி குறித்த கவலை வலுக்கவே 2011-இல் செலுத்துதல் நிறுத்தப்பட்டது.

கூரைப்பாறையைக் கடந்து மேற்பரப்பிற்கு வாயு கசிந்ததாக அறியப்படவில்லை. எனவே இதனை ஒரு பேரழிவு என்பது பொருந்தாது. அதே வேளையில் வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஒரு நிலத்தில் செய்தது மற்றொரு நிலத்தில் அப்படியே செல்லாது என்பதே ஐன் ஸாலிஹின் பாடம். ஆபத்து முற்றும் முன்னர் நிறுத்தியமை அத்திட்டத்தினரின் பொறுப்புணர்வுக்குச் சான்றாகும்.

எண்ணெயின் ஊழியனாக

இதுவரை கூறியவை சேமிப்பையே நோக்கமாகக் கொண்ட திட்டங்கள். உலகில் பிடிக்கப்பட்டுவந்த கரியமில வாயுவின் பெரும்பகுதி சென்றது வேறொரு வழியில். முதிர்ந்த எண்ணெய்க் கிணற்றில் இவ்வாயுவைச் செலுத்தினால், பாறையில் ஒட்டிக்கிடக்கும் எண்ணெய் இளகிப் பெருகி வெளிவரும். டெக்சாஸ் மாநிலத்தில் 1972 முதல் இம்முறை பெரிய அளவில் கையாளப்படுகிறது. வட டகோட்டாவின் நிலக்கரி ஆலையிலிருந்து 320 கிலோமீட்டர் தொலைவு குழாயில் சென்று, கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலை 2000-ஆம் ஆண்டு முதல் அடைந்துவரும் வாயு இவ்வகையினது. சவூதி அரேபியாவின் உஸ்மானிய்யா வயலில் 2015-இலும், அபூதாபியில் உருக்காலை வாயுவைப் பயன்படுத்தும் 'அர்ரியாதா' திட்டத்தில் 2016-இலும் தொடங்கிய பணிகளும் இத்தகையவே. இவ்விரண்டும் ஆண்டுக்கு எட்டு இலட்சம் டன் அளவினவாக அமைக்கப்பட்டவை. ரியாதா என்பதற்கு முன்னோடியாதல் என்று பொருள்.

செலுத்திய வாயுவின் கணிசமான பகுதி நிலத்தினுள் தங்கிவிடுகிறது என்பது மெய். ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்க்கவேண்டும். பொதுவாக ஒரு டன் வாயுவைச் செலுத்தினால் இரண்டு முதல் மூன்று பீப்பாய் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும் என்பர். ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் 0.4 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படும். ஆக, ஒரு கையால் புதைத்ததை மறு கையால் வானில் விடுகிறோம். அவ்வெண்ணெய் வேறொரு இடத்து எண்ணெய்க்குப் பதிலாக விற்பனையாயிற்று என்று வாதிடலாம். அவ்வாதத்தை மெய்ப்பிப்பது அரிது.

மேலும், எண்ணெயை நம்பிய பிடிப்பு எண்ணெய் விலையோடு எழுந்து வீழும். டெக்சாஸின் பெட்ரா நோவா நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2017-இல் தொடங்கியது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்தப்பட்டு, 2023-இல்தான் மீண்டும் இயங்கலாயிற்று. அமெரிக்க அரசு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலையான சேமிப்பிற்கு ஒரு டன்னுக்கு 85 டாலர் வரிச்சலுகையும், எண்ணெயெடுப்பிற்கு அதனினும் குறைந்த சலுகையும் வழங்கியிருந்தது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேறுபாட்டை நீக்கி இரண்டையும் சமமாக்கிவிட்டது. புதைப்பதும் எண்ணெய் எடுப்பதும் ஒன்றே என்று சட்டம் கருதுமாயின், எதனை நாடுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தவறிய வாக்குகள்

இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றில் அறிவிப்புகள் மிகுதி, நிறைவேற்றம் குறைவு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கெம்பர் மின்நிலையம், நிலக்கரியை வாயுவாக்கிக் கரியமில வாயுவைப் பிரிக்கும் நோக்கில் கட்டப்பட்டது. செலவு எழுநூறு கோடி டாலரைத் தாண்டிய பின்னர், 2017-இல் அந்நோக்கம் கைவிடப்பட்டு அது எரிவாயு நிலையமாகவே நிலைபெற்றது. கனடாவின் பவுண்டரி டாம் மின்நிலையம் 2014-இல் உலகின் முதல் பெரிய நிலக்கரிப் பிடிப்பு நிலையமாகத் தொடங்கி இன்றும் இயங்குகிறது. ஆனால் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் என்ற தொடக்க இலக்கைவிடக் குறைவாகவே பிடித்துவந்துள்ளது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயுத் திட்டத்தில், ஏற்றுமதி 2016-இலேயே தொடங்க, வாயுவைப் புதைக்கும் பணி 2019-இல்தான் தொடங்கியது. வயலிலிருந்து வரும் கரியமில வாயுவில் நூற்றுக்கு எண்பது பங்கைப் புதைப்பதாக ஏற்ற நிபந்தனையில், முதல் ஐந்தாண்டுக் கணக்கில் ஐம்பது இலட்சம் டன்னுக்கு மேல் குறைவு ஏற்பட்டது. அதற்கு ஈடாக வேறிடத்து உமிழ்வுக் குறைப்புச் சான்றுகளை விலைக்கு வாங்க நேர்ந்தது.

கொண்டுசெல்லும் வழியிலும் இடருண்டு. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சடார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகில், கனமழையால் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான ஊரை மூடியது. ஆக்சிஜன் இன்றி வாகனங்களும் நின்றுவிட்டன. 45 பேர் மருத்துவமனையை நாடினர். நல்லூழாக உயிரிழப்பு இல்லை. கேமரூனின் நியோஸ் ஏரியில் 1986-இல் இயற்கையாகத் திரண்டிருந்த இவ்வாயு திடீரென வெளிப்பட்டு 1,700 பேர் மாண்டதைச் சிலர் சேமிப்புக்கு எதிரான சான்றாகக் காட்டுவர். ஏரிநீரில் கரைந்து நின்றது வேறு. ஆயிரம் மீட்டர்ப் பாறைக்குக் கீழே ஊறி நிற்பது வேறு. ஆயினும் இவ்வாயுவை விளையாட்டாகக் கையாளலாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

உண்மையில் எங்கே தேவை?

இத்துணை குறைகளுக்குப் பின்னரும் இதனைக் கைவிடலாகாது என்று கூறுவதற்குச் சிமெண்ட் ஒன்றே போதிய காரணம். பிளாக் செய்த சோதனையைச் சிமெண்ட் ஆலை அன்றாடம் பேரளவில் செய்துவருகிறது. சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லினுள்ளிருந்த நிலைத்த காற்று வெளிப்படுகிறது. சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்தன்றி இக்கல்லிலிருந்தே வருகிறது. உலையை முழுவதும் சூரிய ஆற்றலால் இயக்கினாலும் அது நிற்காது. மின்சாரத்திற்குக் காற்றாலையும் சூரியத் தகடும் உண்டு. சுண்ணாம்புக்கல்லின் வாயுவுக்கோ, பிடிப்பதைத் தவிர இப்போதைக்குப் பெரிய மாற்றுவழி இல்லை.

இவ்வழியில் நார்வே மீண்டும் முன்னடி வைத்துள்ளது. பிரெவிக் சிமெண்ட் ஆலையில், அதன் உமிழ்வில் பாதியாகிய ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன்னைப் பிடிக்கும் நிலையம் 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பிடித்த வாயு கப்பலேறிப் பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஏகார்டனுக்குச் சென்று, அங்கிருந்து குழாய் வழியே கடலடிக்குக் கீழ் ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தை அடைகிறது. 'வடக்கொளி' எனப் பொருள்படும் பெயர்கொண்ட இச்சேமிப்பகத்தில் முதற்செலுத்துதல் 2025 ஆகஸ்டில் நிகழ்ந்தது. எண்ணெயெடுப்பின் தூண்டுதல் இன்றி, பிறர் வாயுவையும் கட்டணம் பெற்றுப் புதைக்கும் பொதுச் சேமிப்பகம் இது. இதன் பெருஞ்செலவில் பெரும்பங்கை அந்நாட்டு அரசே ஏற்றது.

மற்றொரு புதுமை ஐஸ்லாந்தில் விளைந்தது. அங்கு எரிமலைப் பாறையாகிய பசால்ட்டில், நீரில் கரைத்த கரியமில வாயுவை 2012 முதல் செலுத்தி ஆய்ந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இரண்டாண்டுக்குள் கல்லாகிவிட்டது என 2016-இல் அறிவித்தனர். நான்காம் பூட்டு ஆயிரம் ஆண்டு காத்திராமல் இரண்டே ஆண்டில் விழுந்துவிட்டது. நிலைத்த காற்று தன் பழைய இல்லத்திற்கு மீண்டது எனலாம். ஒரு டன் வாயுவுக்கு இருபது டன்னுக்கு மேற்பட்ட நீர் தேவைப்படுவது இம்முறையின் குறை. ஓமன் நாட்டின் ஹஜர் மலைத்தொடரில் உள்ள பாறைகள் மழைநீரோடு வினைபுரிந்து இயற்கையாகவே கரியமில வாயுவைக் கல்லாக்கி வருகின்றன. ஹஜர் என்ற சொல்லுக்கே கல் என்பதுதான் பொருள். அவ்வினையை விரைவுபடுத்தும் சோதனைகள் அங்கு நடைபெறுகின்றன. நம் நாட்டின் தக்காணப் பீடபூமியும் பசால்ட்டால் ஆனதே என்பதால் இந்திய ஆய்வாளர்களும் இதில் நாட்டம் கொண்டுள்ளனர்.

வெளிக்காற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் நிலையங்களும் ஐஸ்லாந்தில் எழுந்துள்ளன. 2024-இல் இயங்கத் தொடங்கிய 'மாமத்' நிலையத்தின் முழுத்திறனே ஆண்டுக்கு 36,000 டன்தான். பதினாயிரத்தில் நான்கு பங்கைத் தேடிப் பிடிக்கும் வேலை எளிதாகிவிடாது.

தமிழகத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடாக் காரம் செய்யும் ஏற்பாடு 2016-இல் அரசு மானியமின்றித் தொடங்கப்பட்டது உலகின் கவனத்தை ஈர்த்தது. செடியின் சாம்பலிலிருந்து பண்டையோர் எடுத்த அல்கிலீயைப் புகையிலிருந்து எடுத்த திறம் பாராட்டுக்குரியது. எனினும் பயன்படுத்துதலும் சேமித்தலும் வெவ்வேறு என்பதை மறக்கலாகாது. அச்சோடாக் காரம் கண்ணாடி உலையில் உருகும்போது, அதனுள் அடங்கிய வாயு திரும்பவும் வானேறும்.

காவலர் யார்?

உலகெங்கும் இயங்கும் நிலையங்களின் மொத்தப் பிடிப்புத் திறன் 2025-இன் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐந்து கோடி டன் அளவிலேயே இருந்தது. உமிழ்வோடு ஒப்பிட்டால் இஃது ஏறத்தாழ 750-இல் ஒரு பங்கு. பன்னாட்டு ஆற்றல் முகமையின் நிகரச் சுழியப் பாதையோ 2050-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 கோடி டன்னைப் பிடிக்க வேண்டும் என்கிறது. இவ்விடைவெளியைக் காணும்போது, பிற வழிகளால் தவிர்க்கக்கூடிய உமிழ்வை இதன் தலையில் சுமத்துவது அறிவுடைமையாகாது என்பது தெளிவு.

அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. ஒருவர் தம் பொருளைப் பிறரிடம் ஒப்படைத்தால் அஃது அமானிதம். ஏற்றவர் அதனைக் காக்கக் கடமைப்பட்டவர். இங்கோ, ஒப்படைப்பவர் இன்றைய தலைமுறையினர். காக்கவேண்டியவர்கள் இன்னும் பிறவாதவர்கள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுச் சேமிப்பு நெறியாணை, சேமிப்பகம் மூடப்பட்டுக் குறைந்தது இருபது ஆண்டுகள் கழிந்தபின் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து அரசுக்கு மாற இடமளிக்கிறது. அதன்பின் குறைந்தது முப்பது ஆண்டுக் கண்காணிப்புச் செலவையேனும் நிறுவனம் முன்கூட்டியே அளிக்கவேண்டும் என்கிறது. பொறுப்பை வரையறுத்தமை பாராட்டத்தக்கது. ஆயினும் வாயு தங்கவேண்டிய காலம் ஆயிரம் ஆண்டு என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இலாபம் ஈட்டியவர் ஐம்பது ஆண்டில் விடுபட, எஞ்சிய காலத்தின் காவல் பொதுமக்கள்மீது விழுகிறது. ஐரோப்பா இவ்வளவேனும் எழுதி வைத்திருக்கிறது. இனிமேல் இத்துறையில் இறங்கும் நாடுகள், முதற்கிணறு தோண்டுமுன்னரே காவலுக்கும் காவல் நிதிக்கும் சட்டம் வகுக்கவேண்டும்.

இதுகாறும் கண்டவற்றால் தெளிவாவது யாதெனில், பாறை பெரும்பாலும் தன் கடமையைச் செய்துவந்துள்ளது. மனிதர் கொடுத்த வாக்குகளே தவறியுள்ளன. வரி விதித்த நாட்டில் வாயு புதைந்தது. எண்ணெய் விலையை நம்பிய இடத்தில் அது விலையோடு தடுமாறியது. ஆகவே ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே. இவ்வாயு வேறு வழியில் தவிர்க்க இயலாததா? புதைப்பது சேமிப்பதற்கா, எண்ணெய் எடுப்பதற்கா? அறிவித்த அளவையும் புதைத்த அளவையும் அளந்து சொல்பவர் யார்? நிறுவனம் மறைந்த பின்னர்க் காவலுக்குப் பொருள் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடையுள்ள திட்டத்தை ஆதரிக்கலாம். விடையில்லாத திட்டம், வானில் விடவேண்டிய கடனை வருங்காலத்தின் பெயரில் எழுதி வைப்பதேயாகும். அக்கடனை அடைக்கப்போகிறவர்களுள் வங்கத்தின் கழிமுகத்திலும் மாலத்தீவுகளிலும் வாழும், இவ்வாயுவை மிகக் குறைவாகவே வெளியிட்ட மக்கள் முன்வரிசையில் நிற்கின்றனர்.